மாசம் ஏற ஏற மரத்துப்போகும் கை

எட்டாவது மாதம் தொடங்கிய சமயம். குமுளியில் அந்த வாரம் முழுக்க மழை. ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு முழிப்புத் தட்டியது. வலது கை என்னுடையது மாதிரியே இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று கிடந்தன. நுனியில் மட்டும் ஊசி ஊசியாய்க் குத்தல். எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டு, ஈரக் கையை உதறுவது போல உதறினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் உயிர் வந்தது. படுத்தேன். நாலு மணிக்குத் திரும்பவும் அதே. விடிந்த பிறகு காப்பி டம்ளர் கை நழுவிப் போனது. புடவையில் ஊக்குக் குத்த முடியவில்லை.

"உடம்புல நீர் கோத்திருக்கும்மா, பிள்ளை பெத்தா தன்னால சரியாப் போயிரும்" என்றார் அத்தை. கம்பத்திலிருந்து அம்மா போனில், "ஒரு பக்கமா வருதா? வாதம் கீதம் இல்லையே?" என்று பதறினார். மருந்துக் கடையில் நரம்புச் சத்து ஊசி ஐந்து போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் அக்கறையாய்ச் சொன்னதுதான். அத்தை சொன்னது ஏறக்குறைய சரி என்பது பிறகு தெரிந்தது. ஆனால் "பிள்ளை பெத்தா சரியாப் போயிரும்" என்ற பேச்சு, பிள்ளை பெறும் வரைக்குமான அறுபது ராத்திரியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அந்த அறுபது ராத்திரியையும் தூக்கமில்லாமல் கழிக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மரப்புக்கு மிகப் பெரும்பாலும் காரணம் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. உள்ளங்கை தொடங்கும் இடத்தில் மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால் போல் அமைந்திருக்கின்றன. வாய்க்காலின் மேலே, மூடி போட்டாற்போல், கெட்டியான ஒரு நார்ப்பட்டை. அந்தக் குறுகலான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு ஒரே ஒரு நரம்பும் உள்ளங்கைக்குள் போகின்றன. அந்த நரம்புக்கு மீடியன் நரம்பு என்று பெயர். எலும்பு விரிந்து கொடுக்காது. பட்டையும் கொடுக்காது. உள்ளே இடம் நெருக்கடியானால் கயிறு மாதிரி இருக்கும் தசைநாண் தாங்கிக்கொள்ளும், நரம்பால் முடியாது.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது? கர்ப்பம் முடியும் தறுவாயில் ஒரு பெண்ணின் உடம்பில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் நீர் ஆறிலிருந்து எட்டு லிட்டர் வரை இருக்கும். ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிடும். குழந்தைக்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது, நோய் இல்லை. அந்த நீரில் கொஞ்சம் காலில் இறங்குகிறது, கொஞ்சம் முகத்தில் தெரிகிறது, கொஞ்சம் மணிக்கட்டுக்குள் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறையில் ஏறுகிறது. கால் வீங்கினால் செருப்பு பிடிக்காது, எல்லாருக்கும் தெரியும். மணிக்கட்டுக்குள் வீங்குவது வெளியே தெரியவே தெரியாது, விரல் மட்டும் மரத்துப்போகும். ஏழாம் மாதத்துக்கு மேல் அதிகமாக வருவதும், இரண்டு கையிலும் வருவதும் இதனால்தான்.

சரி, ஏன் ராத்திரியில்? பகலில் நிற்பதாலும் நடப்பதாலும் நீர் காலில் தங்குகிறது. படுத்தால் அது உடம்பு முழுக்கப் பரவி மேலேயும் வருகிறது. இன்னொன்று, தூங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். வயிறு பெருத்தபின் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும், அப்போது கன்னத்துக்கடியிலோ தலையணைக்கடியிலோ கை போய்விடும். 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளின் மணிக்கட்டுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தையே அளந்து பார்த்தார்கள். கை நேராக இருக்கும்போது, நோய் இல்லாதவர்களிடம் சராசரி இரண்டரை மில்லிமீட்டர் பாதரச அளவு. நோய் உள்ளவர்களிடம் 32. மணிக்கட்டை முழுக்க மடக்கியதும் நோய் உள்ளவர்களிடம் அது 90ஐத் தாண்டியது. பின்பக்கமாக வளைத்தபோது அதைவிடவும் கூடியது. அவர்கள் கர்ப்பிணிகள் அல்ல என்றாலும் வழி ஒன்றுதான், நரம்பும் ஒன்றுதான். இந்த எண்களைப் படித்தபோதுதான் எனக்கு ராத்திரி இரண்டு மணியின் கணக்கு புரிந்தது. ஒன்பது தசைநாணோடு நெருக்கிக்கொண்டு கிடக்கும் நரம்பை நாமே மடக்கி இன்னும் மூன்று பங்கு அழுத்துகிறோம்.

எந்த விரல் என்பதை உன்னிப்பாகப் பாருங்கள். மீடியன் நரம்பு உணர்வு கொடுப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது இந்த வழியாக உணர்வைக் கொண்டுபோவதில்லை. அதனால் சுண்டுவிரல் தப்பித்துவிடும். எனக்கு மோதிர விரலில் நடுக்கோடு போட்டாற்போல் ஒரு பக்கம் மரத்து, மறுபக்கம் சாதாரணமாக இருந்தது. முதலில் என் கற்பனை என்று நினைத்தேன். மற்றக் கையின் நகத்தால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கீறிப் பார்த்தேன், கற்பனை இல்லை. உள்ளங்கையின் நடுத்தோல்கூட அவ்வளவாக மரக்காது. அதற்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்து பட்டைக்கு மேலாகப் போய்விடுகிறது.

முன்காலத்தில் பெண்களுக்கு ராத்திரியில் கை மரத்துப்போவதை ரத்த ஓட்டக் கோளாறு என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1947இல் லண்டனில் ரஸ்ஸல் பிரைன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு பேருடைய கையைப் பற்றி எழுதினார்கள். ஆறு பேருமே பெண்கள். மணிக்கட்டில் அந்தப் பட்டையை வெட்டி விட்டதும் நரம்பு விடுபட்டது. அதன் பிறகு 1950களில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபேலன் என்ற கை அறுவை மருத்துவர் இதை மருத்துவ உலகம் முழுக்கக் கொண்டுபோனார். ஆக, "பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்ற பதில் உலகம் பூராவும் இருந்திருக்கிறது. அதை உடைக்க, வந்தவளிடம் எந்த விரல் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்க வேண்டியிருந்தது.

ஃபேலன் சொல்லிக்கொடுத்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வணக்கத்தைத் தலைகீழாகப் போடுங்கள்: இரண்டு புறங்கைகளும் ஒட்டியிருக்க, விரல்கள் தரையைப் பார்க்க, முழங்கை அகன்றிருக்க, ஒரு நிமிடம். அதற்குள் அந்த மூன்றரை விரலில் மதமதப்பு வந்தால் சந்தேகம் பலப்படுகிறது. வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் கிடையாது. உறுதிப்படுத்த வேண்டியது டாக்டர். கையை உதறினால் குறைகிறது என்பதும் அவர்களுக்கு ஒரு நல்ல துப்பு, மறக்காமல் சொல்லுங்கள்.

சொல்வதில்தான் எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. குமுளி, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று இந்த மலையில் தமிழ் பேசும் பெண்கள் நிறைய. 1956இல் மாநிலம் பிரிந்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றன, பேச்சு நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் சிஸ்டரும் மலையாளத்தில் கேட்பார்கள், நாம் தமிழில் பதில் சொல்வோம், முக்கால்வாசி புரியும். மீதிக் கால்வாசியில்தான் கை மரப்பு மாட்டிக்கொள்கிறது. நமக்கு மதமதப்பு, மரப்பு, குறுகுறுப்பு, எறும்பு ஊறுவது, சுருக் சுருக்கென்று இழுப்பது எல்லாம் வேறு வேறு. மலையாளத்தில் தரிப்பு, பெருப்பு, மரவிப்பு. "கையி மரத்துப் போகுது" என்று நான் சொன்னது "கை வலிக்குது" என்று சீட்டில் ஏறியது, தைலம் எழுதிக்கொடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வெளியே நாற்பது பேர் வரிசையில். அடுத்த முறை போனபோது பேசுவதற்கு முன்னால் கையை மேஜை மேல் விரித்து வைத்தேன். பேனாவால் மூன்றரை விரலையும் வரைந்து காட்டினேன். "ராத்திரி ரெண்டு மணி, தரிப்பு, உதறினா போகும்" என்றேன். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. எந்த மொழி ஆஸ்பத்திரியாக இருந்தாலும் விரலைத் தொட்டுக் காட்டுங்கள், மணி சொல்லுங்கள்.

இந்த ஊரில் அந்த மூன்று விரல் போனால் வேலை போனது மாதிரிதான். கம்பம், தேவாரம், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டத்துக்கு வருகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். குனிந்து, சில சமயம் குத்தவைத்து, சருகை விலக்கி, சரத்தை இடது கையில் தாங்கி, முற்றிய காயை, அதாவது கரிங்காயை மட்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒடிக்க வேண்டும். பிஞ்சு அடுத்த எடுப்புக்கு நிற்க வேண்டும். என் மதினி ஏழாம் மாதம் வரை காய் எடுத்தவர். "கண்ணு பாக்குறதுக்கு முந்தி விரலு சொல்லிரும் தாயி, இது முத்துனது, இது இல்லைன்னு" என்பார். அவருக்குக் கை மரத்துப்போன நாட்களில் பிஞ்சும் சேர்ந்து பையில் விழுந்தது, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினார். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டார்கள். விரல் நுனியில் சேதி வராதவர் எதை வைத்து முற்றல் பார்ப்பார்? தேயிலைப் பக்கம் கத்திரி பிடிப்பவர்களுக்கு இறுகப் பிடித்துப் பிடித்து விடும் வேலை, அது மணிக்கட்டுக்கு இன்னும் கெடுதல்.

தோட்டத்தில் நிரந்தரப் பெயர்ப் பதிவில் இருப்பவர்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு சட்டப்படி உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பேறுகாலத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஜீப்பில் வரும் தினக்கூலிப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் கைக்கு எட்டுவதில்லை. வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. அவரிடம் "கைக்கு ஓய்வு கொடுங்க" என்று சீட்டில் எழுதிக்கொடுப்பது எவ்வளவு தூரத்துக்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியும். அதனால் கூலியை விடாமலும் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

ராத்திரிக்கு மணிக்கட்டு மடங்காமல் பார்த்துக்கொள்வது, அதுதான் முதல் வேலை. மருந்துக் கடையிலும் எலும்பு வைத்தியத்துக்கான சாமான் விற்கும் கடையிலும் ரிஸ்ட் ஸ்பிளிண்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், சில நூறு ரூபாய். உள்ளங்கைப் பக்கம் ஒரு தட்டையான தகடு வைத்துத் தைத்திருக்கும். வெறும் துணிப்பட்டையாக, கட்டைவிரலில் மாட்டி மணிக்கட்டைச் சுற்றி இறுக்குவது போன்றதை வாங்காதீர்கள். அது மடங்குவதைத் தடுக்காது. தகட்டையும் பாருங்கள். சிலவற்றில் கையைப் பின்பக்கமாக வளைத்து நிறுத்தும்படி இருக்கும். அந்த 1981 அளவை நினைவில் வைத்துக்கொண்டால் அது ஏன் கூடாது என்று புரியும். முழங்கையிலிருந்து நடுவிரல் வரை அடிஸ்கேல் வைத்தாற்போல் நேர்க்கோடு, அவ்வளவுதான். விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். பட்டைக்கடியில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும், ராத்திரி வீக்கம் கூடும்.

வாங்க வழியில்லாத ராத்திரிக்கு, மெல்லிய துண்டை நீளவாக்கில் மடித்து, உள்ளங்கையின் பாதியிலிருந்து முன்கையின் பாதி வரை நாலு சுற்று சுற்றி, ஊக்குப் போடாமல் ஓரத்தைச் செருகிக்கொள்ளலாம். கை மடக்கப் போனால் துண்டு தடுக்கும். எனக்கு முதல் நாலு நாள் இதுதான் ஓடியது. முதல் ராத்திரியே மணி நாலரை வரை தூங்கினேன். பிறகு வாங்கிய தகடு வைத்த பட்டையில் முழு ராத்திரி கிடைக்க ஒரு வாரம் ஆனது. ஒருக்களித்துப் படுக்கும்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை போட்டு, மேல் கையை அதன் மேல் நீட்டி வையுங்கள். கீழ்க் கையைக் கன்னத்துக்கடியில் கொடுக்காதீர்கள்.

பகலில் பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. வேலைக்கு நடுவில் கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலை நாலைந்து தடவை மூடித் திறக்கலாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பதைக் குறைக்கலாம். துணி பிழிவதும் தேங்காய் துருவுவதும் மணிக்கட்டைப் படுத்தும். அதை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும், கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வளையல் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பார்கள். வளையலால் இந்த நோய் வருவதில்லை. நெருக்கடி உள்ளே, வளையல் வெளியே. ஆனால் மதினிக்கு எட்டாம் மாதத்தில் கை வீங்கி, வளையல் சதையில் அச்சுப் பதித்துக் கிடந்தது. அதன் மேல் பட்டையும் கட்ட முடியவில்லை. அத்தையிடம் கேட்டபோது முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் அத்தையே சோப்புத் தண்ணீரைத் தடவி ஒவ்வொன்றாய் உருவி எடுத்து, இரண்டு கைக்கும் ஒரு வளையல் மட்டும் தளர்வாய் விட்டு, மீதியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். மோதிரத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வீங்கியபின் மோதிரம் வராது, ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுப்பார்கள்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவது. டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். குழந்தையின் இதயத்தை ஒட்டியுள்ள ஒரு ரத்தக் குழாயை வேளைக்கு முன்பே மூடவும் செய்யலாம். 20 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. நீர் இறங்கும் மாத்திரையும் வேண்டாம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் நீர் வற்றும் என்று நம்பித் தாகத்தோடு கிடக்காதீர்கள், அப்படி வற்றுவதில்லை. சுளுக்கு வழிப்பது போல மணிக்கட்டை அழுத்தி உருவினால் நசுங்கிய நரம்பை இன்னும் நசுக்குவோம்.

நரம்புச் சத்து ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் பி12. பி12 குறைந்தாலும் மரப்பு வரும், உண்மைதான். ஆனால் அது வழக்கமாகப் பாதத்தில் தொடங்கும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி, பகல் ராத்திரி பேதமில்லாமல். நடை தடுமாறும், நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களுக்குச் சந்தேகம் கூடுதல். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் ஊசி மருந்துதான். தெரியாமல் போடும் ஊசி மணிக்கட்டின் நெருக்கடியை விலக்காது. தைராய்டு குறைவும் சர்க்கரையும் கூட இந்த நரம்பைப் படுத்தும் என்பதால், அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனிச் சொல்வதில் அவசரம் இருக்கிறது. கை வீங்கி மரத்துப்போவது சாதாரணம் என்று இத்தனை நேரம் சொன்னேன். வீக்கம் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் முகத்திலும் கையிலும் ஏறினால் அது சாதாரணம் இல்லை. அதோடு விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது அல்லது மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், இதில் ஒன்று சேர்ந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். ரத்த அழுத்தம் ஏறும் பிரீஎக்லாம்சியாவாக இருக்கலாம். 20 வாரத்துக்கு மேல் 140க்கு 90 தொட்டாலே டாக்டர் கவனிக்க வேண்டிய அளவு. பிரசவம் ஆனபிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம்.

அம்மா பயந்த பக்கவாதத்துக்கும் அடையாளம் வேறு. அது விரலோடு நிற்காது. ஒரு பக்கக் கை முழுதும், அல்லது கையும் காலும் சேர்ந்து, நின்ற நிற்பில் வலுவிழக்கும். வாய் கோணும், பேச்சு குழறும். உதறினால் போகாது. 108ஐக் கூப்பிடுங்கள், மலைக்கு மேலேயும் கீழேயும் அதே எண்தான். ஆம்புலன்ஸ் தேவைப்படாத, கேட்டுத் தெரிந்துகொள்ளும் சந்தேகங்களுக்குக் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள், அதாவது மலையிலிருந்து கம்பத்துக்கோ தேனிக்கோ இறங்குகிறவர்கள், கர்ப்பகாலப் பரிசோதனைக் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் எழுத்து மலையாளமாக இருந்தாலும் ரத்த அழுத்த எண் எல்லாருக்கும் ஒரே எண்தான். மூன்று மாதமாக 110க்கு 70 இருந்தவருக்கு இன்றைக்கு 136க்கு 88 என்றால், பழைய எண் தெரிந்த டாக்டர் உஷாராவார். தெரியாதவருக்கு அது எல்லைக்குள் இருப்பதாகத்தான் படும். என் கார்டின் பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி, கை மரப்பு எந்த வாரம் தொடங்கியது, எந்த விரல், பட்டை எப்போதிலிருந்து என்று தமிழில் எழுதிவைத்தேன். தேனியில் பார்த்த டாக்டர் அதைத்தான் முதலில் படித்தார்.

பட்டை கட்டியும் பகல் முழுக்க மரத்தே இருந்தால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடி நிற்காமல் சாமான் விழுந்துகொண்டே இருந்தால், கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு மற்றக் கையைவிடப் பள்ளமாகத் தெரிந்தால், பிள்ளை பெறும் வரை பொறுக்கக் கூடாது. நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை கர்ப்பத்திலும் செய்யலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் தேவைப்பட்டால் டாக்டர் தருவார். அறுவைச் சிகிச்சை கர்ப்பிணிகளுக்கு அபூர்வமாகத்தான் வேண்டிவரும். வந்தாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வது.

பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் நீர் வடிய வடிய, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரேயடியாக இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் நீடிக்கலாம். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் மிச்சம் இருக்கும். எனக்கு இடது கை பத்து நாளில் தெளிந்தது, வலது ஆள்காட்டி விரல் நுனி மட்டும் ஐந்து மாதம் பிடித்தது. பால் கொடுக்கும்போது குழந்தையின் தலையை மடங்கிய மணிக்கட்டால் தாங்கினால் பழைய கதை திரும்பும். மடியில் தலையணை போட்டு உயர்த்தி, குழந்தையின் பாரம் முன்கையில் விழும்படி வையுங்கள். குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரலின் பக்கம் மணிக்கட்டில் வலி வருவது வேறொன்று, அது தசைநாண் உறை வீங்குவது. அதில் மரப்பு இருக்காது, தூக்கும்போது சுரீரென்று வலிக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் வாரம் தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையின் எடையைப் பார்ப்பார்கள், பால் போதுமா, தையல் காய்ந்ததா என்று கேட்பார்கள். கையைப் பற்றி அவர்களாகக் கேட்பது அபூர்வம். நானாகச் சொன்னேன். சிஸ்டர் என் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு தொடச் சொல்லி, அந்தப் பிடியைத் தன் விரலால் இழுத்துப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. சதைமேட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "குழப்பமில்ல, ராத்திரி பட்டை இன்னும் ஒரு மாசம்" என்றார்.